உங்களுக்குத் தெரியுமா? ஜீனோவின் காலம் கடந்துவிட்டது!

சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’வின் கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். தாம்பரம் மாநகராட்சியானதும் 2021-இல்தான். கடற்கரை மின்ரயிலில் அந்த நாவலை இன்று பிரிக்கும் தாம்பரத்து வாசகர், ஆசிரியர் கற்பனை செய்த எதிர்காலத்தைத் தாண்டி வந்தவர்.

நிலா, சிபி, ரவி, ஜீவா என்று இரண்டெழுத்துப் பெயர்கள். குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி வேண்டும். நடுவே ஜீனோ, புத்தகம் படிக்கும் இயந்திர நாய். கதையின் மனிதர்களைவிட வாசகர் மனத்தில் ஒட்டிக்கொண்டது அதுதான். இரண்டாம் பாகத்துக்குப் பெயரே ‘மீண்டும் ஜீனோ’!

தமிழ் வாசகர்களுக்கு அறிவியல் கற்பனை அதற்கும் முன்பே பழக்கம்: 1972-இல், சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் நாயகனின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மூலம், 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய சித்திரக்கதை. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹேசுஸ் பிளாஸ்கோ. முத்து காமிக்ஸின் பழைய இதழ்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் உண்டு.

அடுத்து என்ன படிக்கலாம் என்போருக்கு ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பும், ‘அரூ’ மின்னிதழின் அறிவியல் சிறுகதைகளும் இருக்கின்றன.