கையில் எம்.பி.ஏ., தலையில் இ.எம்.ஐ.?

1964 டிசம்பர். புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டுவிட்டது. பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களில் பெரும்பகுதி கடலுக்குள் கிடந்தது. பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகச் சுருக்கினார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன் 46 நாளில் வேலையை முடித்தார். கொங்கன் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் அவர் கைக்கு வந்தது பிற்பாடு. அவர் படித்தது சிவில் என்ஜினீயரிங். திட்ட மேலாண்மையில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. வாங்கவும் வழியில்லை, அந்தத் துறையின் உலகப் பெயர்பெற்ற அமைப்பான பி.எம்.ஐ. அமெரிக்காவில் தொடங்கப்பட்டதே 1969-ல்தான்.

இன்று நிலைமை வேறு. ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக எட்டு வருடம் இருந்தவர், கட்டுமான சைட்டில் பத்து வருடம் வெயில் தின்றவர் என்று பலரும் ஒரு கட்டத்தில் அடுத்த படி ஏற முடியாமல் நிற்கிறார்கள். “ப்ராஜெக்ட் மேனேஜர் போஸ்டுக்கு பிஜி இருக்கா?” என்று ஹெச்.ஆர். கேட்கிறார். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. செல்போனைத் திறந்தால் ஆன்லைன் எம்.பி.ஏ. விளம்பரம் வரிசை கட்டி வருகிறது. எதில் சேர்வது, எவ்வளவு செலவழிப்பது?

முதலில், திட்ட மேலாண்மைப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று பார்க்கலாம். கல்யாணம் நடத்திய எந்த வீட்டுக்கும் இது புரியும். முகூர்த்தத் தேதி மாறாது. கையில் இருக்கும் பணமும் அவ்வளவுதான். மண்டபம் உறுதியாகாமல் பத்திரிகை அடிக்க முடியாது. பத்திரிகை வராமல் ஊர் அழைக்க முடியாது. பாத்திரச் சீர் வாங்குவது நாலு நாள் தள்ளிப்போனால் குடி முழுகாது. மண்டபம் தள்ளிப்போனால் எல்லாம் தள்ளிப்போகும். எந்த வேலை தாமதித்தால் மொத்தமும் தாமதிக்கும் என்று கண்டுபிடிக்கும் கணக்குக்குத்தான் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று பெயர். 1950-களின் இறுதியில் ட்யூபான்ட் என்ற ரசாயன நிறுவனம் தன் ஆலைகளுக்காக அதை உருவாக்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக ‘பெர்ட்’ முறையைக் கொண்டுவந்தது. இவற்றோடு செலவுக் கட்டுப்பாடு, ஒப்பந்தம், அபாயக் கணிப்பு, ஆட்களை நடத்தும் விதம் எல்லாம் சேர்ந்ததுதான் பாடத்திட்டம்.

இந்தியாவில் ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பொறியியல் படிப்புகளை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகளில் இடமில்லை. ஆகவே கட்டுமான மேலாண்மையில் ‘ஆன்லைன் எம்.டெக்.’ என்று யாராவது விற்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம். மிஞ்சுவது பெரும்பாலும் எம்.பி.ஏ. அதிலும் ‘ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பல படிப்புகளில், முதல் வருடம் முழுக்கக் கணக்கியல், மார்க்கெட்டிங், பொருளியல் என்று எல்லா எம்.பி.ஏ.வுக்கும் பொதுவான பாடங்கள்தான். திட்ட மேலாண்மைக்கென்று கிடைப்பது சில தாள்கள். இது குற்றமில்லை, எம்.பி.ஏ.வின் அமைப்பே அப்படி. ஆனால் பெயருக்காகக் கூடுதல் பணம் கேட்கும்போது, பாடத்திட்டத்தை வாங்கி அந்தத் தாள்களை விரல் விட்டு எண்ணிப் பார்ப்பது நல்லது. மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.பி.ஏ.வில் திட்ட மேலாண்மை தனிப் பிரிவாக இல்லை. செயல்பாட்டு மேலாண்மைப் பிரிவுக்குள் ஒரு பாடமாக வருகிறது. அங்கே நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து அண்மை ஆண்டுகளில் ஆன செலவு எழுபதாயிரத்தை ஒட்டி. தனியாரில் ஒன்றரை, இரண்டு லட்சம் என்பது சாதாரணம். கூடக் கொடுக்கும் பணத்துக்குக் கூட எத்தனை தாள் என்று கேட்டால் சில சேர்க்கை ஆலோசகர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

விலை குறைவென்றால் தரமும் குறைவு என்று நினைக்கவும் வேண்டாம். அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா டெக் 2014-ல் கணினி அறிவியல் முதுகலையை முழுக்க ஆன்லைனில் ஏறத்தாழ 7,000 டாலருக்குக் கொடுக்கத் தொடங்கியது. உலகமே திரும்பிப் பார்த்த படிப்பு அது.

அடுத்தது அங்கீகாரம். கட்டணத்தைவிட முக்கியமானது இதுதான். 2020-ல் வந்த விதிகளின்படி, நாக் தரமதிப்பீட்டு மதிப்பெண்ணோ என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையோ ஓர் அளவுக்கு மேல் இருக்கும் பல்கலைக்கழகங்கள்தான் ஆன்லைன் பட்டம் தரமுடியும். அப்படி முறையாக வாங்கிய பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவுபடுத்தியது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது; நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் பருவத்தில் அது இருக்கவேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) இந்தப் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

பார்க்காமல் ஏமாறுகிறவர்கள் இருப்பதால்தான், ‘பத்து நாளில் எம்.பி.ஏ.’ என்ற கூத்தை நம்பாதீர்கள் என்று 2024-ல் யுஜிசியே அறிவிப்புப் போட வேண்டியிருந்தது. இணையவழிக் கல்வி விற்கும் எட்டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்துத் தரும் பட்டங்கள் அங்கீகாரமற்றவை என்று 2023 டிசம்பரிலும் எச்சரித்தது. தனியார் கம்பெனி அவற்றைப் பொருட்படுத்தலாம். அரசு வேலைக்கோ பிஎச்.டி.க்கோ நீட்டினால் திரும்பி வந்துவிடும். வளைகுடா போகும் எண்ணம் இருப்பவர்கள், அந்த நாடு ஆன்லைன் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று தருமா என்று முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

சிலருக்கு முதுகலைப் பட்டமே தேவைப்படாது. பி.எம்.ஐ. 1984 முதல் நடத்திவரும் பி.எம்.பி. சான்றிதழுக்கு, இளநிலைப் பட்டத்தோடு 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் போதும். பி.எம்.ஐ.யின் தர அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்களுக்கு அனுபவம் 24 மாதம் இருந்தால் சரி. ஐ.டி.யிலும் கட்டுமானத்திலும் அனுபவம் உள்ளவருக்கு இந்தச் சான்றிதழ் பல இடங்களில் எம்.பி.ஏ.வைவிடச் சீக்கிரம் கதவைத் திறக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது மட்டும் சிறு தொல்லை. மாறாக, பதவி உயர்வுக்கு முதுகலை கட்டாயம் என்று அலுவலக விதியே சொன்னால் எம்.பி.ஏ.தான் வழி. அப்போதும், அதில் வரும் திட்ட மேலாண்மைத் தாளை அந்த 35 மணி நேரக் கணக்கில் காட்ட முடியும்.

இந்தப் படிப்பு ஒத்துவருமா என்றே சந்தேகம் இருப்பவர்கள் ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டெல். பாடங்களை இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் ஆயிரம் ரூபாய். இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தால் இரண்டு லட்சம் மிச்சம்.

பணம் கட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். ‘மாதம் ஐயாயிரம்தான்’ என்பார்கள். அது தவணை இல்லை, பல சமயம் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் எழுதும் கடன். படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் கடன் நிற்காது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க அனுமதி கொடுக்காதீர்கள் என்று 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே அறிவுறுத்தியது. தேர்வுக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம், மறுதேர்வு எழுதினால் ஆகும் செலவு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள். வங்கியில் கல்விக்கடன் எடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அதன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவும் உண்டு.

ஒரு கடைசி வார்த்தை. 2024 செப்டம்பர் பருவத்திலிருந்து ஆன்லைன் படிப்பில் சேரும் மாணவர் யுஜிசி தளத்தில் தானே ‘டெப் ஐடி’ என்ற எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். “அதெல்லாம் வேண்டாம் சார், நாங்க பாத்துக்கறோம், இன்னிக்கே பணம் கட்டுங்க” என்று போனில் ஒரு குரல் சொன்னால், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.