பதினோரு பேரும் ஒரு மலையும்

கால்பந்தில் ஒரு டீமுக்குப் பதினோரு பேர் என்று யார் சொன்னது? பொலிவியாவில் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அங்கே பன்னிரண்டாவது ஆசாமி ஒருவர் உண்டு. ஓட மாட்டார், உதைக்க மாட்டார். நின்ற இடத்திலேயே நின்று எதிராளியின் மூச்சைப் பிடுங்கிவிடுவார். மலை!

லா பாஸ் நகரத்து எர்னாண்டோ சீலஸ் ஸ்டேடியம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லடாக்கின் லே நகரத்தைவிடக் கொஞ்சம் உசரம். காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அதே கணக்கு. மாடி ஏறினாலே இளைக்கும். இதில் தொண்ணூறு நிமிஷம் பந்தைத் துரத்த வேண்டும். போதாக்குறைக்கு, காற்று லேசாக இருப்பதால் பந்தும் ஜிவ்வென்று பறக்கும். வளைய வேண்டிய பந்து வளையாமல் போகும். கோல்கீப்பர்கள் பாவம்!

அதனால் சில டீம்கள் மேட்சுக்குச் சில மணி நேரம் முன்னால் வந்து இறங்கி, ஆடி முடித்த கையோடு விமானம் ஏறி எஸ்கேப் ஆகிவிடும். தலைவலி ஆரம்பிப்பதற்குள் கிளம்பிவிட வேண்டுமாம்.

1993-ல் பிரேஸில் இங்கே 2-0 என்று தோற்றது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவர்கள் கண்ட முதல் தோல்வியே அதுதான். பொலிவியா 1994 உலகக் கோப்பைக்கே போய்விட்டது.

2007-ல் ஃபிஃபா, 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச மேட்ச் கூடாது என்று தடை போட்டது. வந்ததே கோபம் ஜனாதிபதி ஈவோ மொராலெஸுக்கு! சஜாமா மலையில் சுமார் 6,000 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் பந்தாடிக் காட்டினார் மனிதர். 2008-ல் மரடோனாவே லா பாஸுக்கு வந்து, அவரோடு விளையாடி ஆதரவு சொன்னார். அந்த வருஷமே தடை விலகியது.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். 2009 ஏப்ரல் 1. அதே மரடோனா, அர்ஜென்டினாவின் கோச்சாக அதே ஊருக்கு வருகிறார். டீமில் மெஸ்ஸி. முடிவு? பொலிவியா 6, அர்ஜென்டினா 1! தேதியைப் பார்த்து, முட்டாள்தின ஜோக் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பில்லை. 2013-ல் மெஸ்ஸி மறுபடி வந்தபோது 1-1. அவருக்கு வாந்தி; டி மரியாவுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க். படத்தைப் பார்த்த எனக்கே மூச்சு வாங்கியது.

'அநியாயமில்லையா இது?' என்பீர்கள். என்னைக் கேட்டால், இல்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் பண்ணி, அங்கேயே பிள்ளை பெறுகிற ஜனங்களிடம் 'உங்க ஊர்ல விளையாடாதீங்க' என்று சொல்ல யாருக்கு உரிமை? வெயில் கொளுத்துகிற ஊருக்குத் தடை இல்லையே!

என் ஆதங்கம் வேறு. 1993-க்குப் பிறகு தகுதிச் சுற்றில் வெளிநாட்டில் ஒரே ஒரு ஜெயம் பார்க்க, 2024 வரை, 31 வருஷம் காத்திருந்தது பொலிவியா. உள்ளூரில் பாஸ், வெளியூரில் ஃபெயில்! மலையும் எப்போதும் கை கொடுப்பதில்லை. 1997 கோபா அமெரிக்கா ஃபைனலில், லா பாஸிலேயே வைத்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனது பிரேஸில். 1993-ல் அதே பிரேஸிலைச் சாய்த்த ஹீரோ எட்செவெரியோ, தாழ்நிலமான சாந்தா குரூஸ்காரர்!

2024-ல் இன்னும் மேலே ஏறிவிட்டார்கள். 4,000 மீட்டருக்கும் அதிகமான எல் ஆல்ட்டோவுக்கு மேட்சுகள் மாறின. 2025 செப்டம்பரில் பிரேஸில் அங்கே 1-0 என்று தோற்க, பொலிவியாவுக்கு பிளே-ஆஃப் வாய்ப்பு கிடைத்தது. ஆனால் பிளே-ஆஃப் வேறு நாட்டில். மலையை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாதே!