கவறும் கல்வியும்

சூதாடு கருவிக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று ‘வல்’ என்பது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளி மயங்கியலில் இச்சொல்லின் புணர்ச்சியைத் தனியே எடுத்தோதுகின்றார். வலிமையையும் திறமையையும் உணர்த்தும் ‘வல்’ என்பதும் ஒலியால் இதனோடு ஒன்றேயாம். இரண்டும் ஒரு வேரிற் பிறந்தன என்று இதனாற் கூறிவிட முடியாது. எனினும், சூதில் வெற்றி தருவது வன்மையா, வாய்ப்பா என்னும் வினா மிகப் பழையது. அவ்வினா இன்று புதிய வடிவில் எழுந்துள்ளது. சூதாடும் வன்மையைப் பணம் கொடுத்துக் கற்கலாமா என்பதே அது.

போக்கர் என்னும் சீட்டாட்டத்திற்குப் பயிற்சி முகாம்கள் உள்ளன. 2003ஆம் ஆண்டில் கிறிஸ் மணிமேக்கர் என்னும் அமெரிக்கக் கணக்காளர், இணையவழித் தகுதிப் போட்டியின் வாயிலாக நுழைந்து, உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டியில் 25 இலட்சம் டாலர் வென்றார். அதன்பின் இவ்வாட்டத்தைக் கற்க விழைந்தோர் பெருகினர், கற்பிப்போரும் பெருகினர். இன்று பினாங்கின் சுங்கை பினாங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஓர் இளைஞன், கைப்பேசி வழியாகவே இத்தகைய வகுப்பிற் சேர முடியும். அவன் 2,000 வெள்ளி கட்டணம் செலுத்துகிறான் என்று கொள்வோம். அப்பொருள் அவனுக்குத் திரும்பி வருமா?

போக்கரில் கற்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது பிழை. பந்தயத்தில் 100 வெள்ளி சேர்ந்திருக்க, எதிரி மேலும் 50 வெள்ளி வைக்கிறான் என்க. நாம் 50 வைத்தால் 150ஐ வெல்லலாம். இது நட்டமின்றி முடிய, நான்கில் ஒரு முறையேனும் வெற்றி வரவேண்டும். நம்மிடம் ஓரினச் சீட்டு நான்கு சேர்ந்துள்ளன. ஐந்தாவது வந்தால் வெற்றி. வரவேண்டியது ஒரே சீட்டு. காணாத சீட்டு 46. அவற்றுள் நமக்கு வேண்டிய இனத்தவை 9. வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அதன்பின் வேறு பந்தயம் இல்லையெனின், சீட்டைக் கீழே வைப்பதே அறிவுடைமை. இக்கணக்கறியாதவன் தோற்பான், அறிந்தவன் தோல்வியைக் குறைப்பான். ஆனால், இத்தகைய கணக்குகள் டேவிட் ஸ்க்ளான்ஸ்கி எழுதிய ‘போக்கர் கோட்பாடு’ போன்ற நூல்களில் நெடுங்காலத்திற்கு முன்பே விளக்கப்பட்டவை. நூலின் விலை எங்கே, முகாமின் கட்டணம் எங்கே!

இனி, இளைஞனின் வரவு செலவைக் காண்போம். கட்டாயப் பந்தயம் 5 வெள்ளியாக உள்ள மேசையில், பயிற்சியின் பயனாக அவன் 100 ஆட்டத்திற்கு 25 வெள்ளி மிகுதியாக ஈட்டுகிறான் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கட்டணம் மீள 8,000 ஆட்டம் ஆடவேண்டும். மேசையில் மணிக்கு 30 ஆட்டம் நடந்தால் அது 267 மணி நேரம். வாரத்திற்கு 6 மணி நேரம் ஆடுவோனுக்குப் பத்துத் திங்கள் ஆகும்.

அப்போதும் கட்டணம் மீண்டதா என்று அவனால் அறிய இயலாது. வரம்பற்ற பந்தய முறையில், 100 ஆட்டத்தில் வாய்ப்பினால் மட்டும் நேரும் ஏற்ற இறக்கம் அந்த மேசையில் ஏறத்தாழ 450 வெள்ளி. 8,000 ஆட்டத்திற்கு இதனை 80ஆல் அன்று, 80இன் வர்க்கமூலமாகிய சுமார் 9ஆல் பெருக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 4,000 வெள்ளி. பயிற்சி தந்தது 2,000. வாய்ப்பு தருவதோ பறிப்பதோ 4,000. நன்கு கற்றவனும் பத்துத் திங்களின் முடிவில் கைப்பொருள் இழந்து நிற்கலாம். ஒன்றும் கல்லாதவன் வென்று, தன்னை வல்லவன் என்று மயங்கலாம். திறமையை வாய்ப்பினின்று பிரித்தறிய ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வேண்டும். ஆசிரியரின் ஊதியமோ முதல் நாளே உறுதியாகிவிடுகிறது.

இதனினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. நெசவு கற்றவன் துணியை ஆக்குகிறான். இலக்கணம் கற்றவனால் பிறர் கல்வி குறைவதில்லை. போக்கர் மேசையில் பொருள் ஆக்கப்படுவதில்லை, கை மாறுகிறது. ஒருவனது வரவு மற்றொருவனது செலவு. இடையில் ஆட்டத்தை நடத்துவோரும் தம் பங்கைக் கழித்துக்கொள்கின்றனர். ஒரே முகாமிற் பயின்ற பத்துப் பேர் ஒரே மேசையில் அமர்ந்தால், அவர்கள் அனைவரின் வரவையும் கூட்டினால் வருவது இழப்பே. இக்கல்வியின் பயன் பிறரது கல்லாமையில் உள்ளது. மாணாக்கர் பெருகப் பெருகக் கல்வியின் மதிப்புக் குறைகிறது.

சட்டத்தின் நிலையும் எண்ணத்தக்கது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பாட்டங்களாகத் தமிழ்நாட்டுச் சட்டம் பட்டியலிட்டதை நீக்கியது. திறமையாட்டம் என்னும் இத்தகைய தீர்ப்பு, ஆடுவோர் பொருள் ஈட்டுவர் என்னும் உறுதியன்று. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மலேசியாவில் உரிமமின்றி நடக்கும் சூதாட்ட இல்லங்களை 1953ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கற்றதை ஆடிப் பார்க்கச் சுங்கை பினாங் இளைஞன் கெந்திங் மலைக்குச் செல்ல வேண்டும். பயணச் செலவும் தங்கும் செலவும் கட்டணத்தோடு சேரும்.

சூது கற்று வென்றவனாக நம் இலக்கியம் நளனைக் காட்டுகிறது. புகழேந்தியார் பாடிய நளவெண்பாக் கதையில், தேரோட்டியாய் இருந்த நளன் குதிரை நூலைக் கொடுத்து இருதுபன்னனிடம் கவறாடு கலையைப் பெற்றான். பின்னர்ப் புட்கரனை வென்று நாட்டை மீட்டான். ஆனால், அக்கலையை நளன் நாள்தோறும் வயிறு வளர்க்கக் கைக்கொண்டானில்லை. இழந்ததை மீட்டதும் ஆட்டம் முடிந்தது.

திருவள்ளுவர் சூதினை 94ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்தார். அறநெறி ஒருபுறம் இருக்க, பொருள்நெறிக்கும் அது பொருந்தாது என்பதை அவ்வைப்புமுறை நினைவூட்டுகிறது. பொழுதுபோக்காகச் சிறுதொகை வைத்தாடுவோன் இழப்பைக் குறைக்க விரும்பினால், நல்ல நூல் ஒன்றே போதும். பிழைப்புக்கு வழியென்று எண்ணி முகாமிற் சேர்பவன், முதல் ஆட்டத்தை மேசையில் அமர்வதற்கு முன்பே தோற்றுவிடுகிறான்.