சீட்டைச் சேர்த்தால் பலம் கூடுமா?

உங்கள் வகுப்பில் ‘ஸ்லே த ஸ்பைர்’ அல்லது ‘பலாட்ரோ’ விளையாடும் நண்பர் ஒருவராவது இருப்பார். இரண்டும் சீட்டுக்கட்டை நாமே உருவாக்கிக்கொண்டு ஆடும் விளையாட்டுகள். தோற்றால் சேர்த்ததெல்லாம் போய்விடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். விதி இவ்வளவு கடுமையாக இருந்தும், கணினி விளையாட்டில் பெரிய நாட்டமில்லாதவர்கள்கூட இவற்றை விடுவதில்லை. 2024 பிப்ரவரியில் வெளிவந்த பலாட்ரோவை, கனடா நாட்டுக்காரர் ஒருவர் ஏறத்தாழத் தனியாளாகவே உருவாக்கினார். ஒரே மாதத்தில் பத்து இலட்சம் பிரதிகள் விற்றுப்போயின.

இவ்வகை விளையாட்டுக்கு ‘ரோக்லைக்’ என்ற பெயர் வந்த கதை சுவையானது. 1980-இல் அமெரிக்க மாணவர்கள் உருவாக்கிய ‘ரோக்’ என்ற விளையாட்டில் படங்களே கிடையாது. எழுத்துகளும் குறிகளும்தான் சுவர், கதவு, பூதம் எல்லாமே. ஒவ்வொரு முறையும் கணினி புதிய குகையை வரையும், செத்தால் செத்ததுதான். பிறகு 2008-இல் ‘டொமினியன்’ என்ற மேசை விளையாட்டு வந்தது. அதில் பலமில்லாத சீட்டுகளுடன் தொடங்கி, ஆடிக்கொண்டே நல்ல சீட்டுகளை வாங்கிச் சேர்க்க வேண்டும். 2019-இல் முழுமையாக வெளியான ஸ்லே த ஸ்பைர் இந்த இரண்டையும் ஒன்றாக்கியது.

இதற்கு விரல் வேகம் தேவையில்லை. உங்கள் முறை வந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். பகைவன் அடுத்து அடிப்பானா, தடுப்பானா என்பதுகூட அவன் தலைக்கு மேலே குறியாகத் தெரியும். இரயிலில் இரண்டு நிலையத்துக்கு இடையே ஆடிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஆளை இழுப்பது இது மட்டுமல்ல. உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளியில் ‘கெபாராங்காலியான்’ என்று படிக்கிறீர்களே, அந்த நிகழ்தகவுதான்.

ஸ்லே த ஸ்பைரில் முதல் வீரன் பத்துச் சீட்டுகளுடன் தொடங்குகிறான்: ஐந்து அடி, நான்கு தடுப்பு, ஒரு ‘பேஷ்’. இது நம் வீட்டுப் பெரியவர்கள் பாராட்டும் ‘பேஷ் பேஷ்’ இல்லை. ஓங்கி ஒரு போடு. அது பட்ட பகைவன் அடுத்து வாங்கும் அடி ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்காகும். ஒவ்வொரு முறையும் ஐந்து சீட்டுகள் கைக்கு வரும். முதல் கையிலேயே பேஷ் வர வாய்ப்பு எவ்வளவு? பத்தில் ஐந்து, அதாவது 50 விழுக்காடு.

ஒரு சண்டையில் வென்றால் மூன்று புதுச் சீட்டுகளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இலவசம்! புதிதாக ஆடுபவர் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொள்வார். கட்டு இருபது சீட்டாக வளர்ந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது பேஷ் முதல் கையில் வர வாய்ப்பு இருபதில் ஐந்து, 25 விழுக்காடுதான். குறிப்பிட்ட இரண்டு சீட்டுகள் சேர்ந்து வர வேண்டுமானால் நிலைமை இன்னும் மோசம். பத்துச் சீட்டில் 5/10 × 4/9, சுமார் 22 விழுக்காடு. இருபதில் 5/20 × 4/19, ஐந்து விழுக்காட்டைச் சற்றே தாண்டும். கட்டு இரட்டிப்பானது; வாய்ப்போ ஏறத்தாழக் கால்வாசியாகிவிட்டது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இலவசச் சீட்டை வேண்டாமென்று ஒதுக்குவதும், கடையில் காசு கொடுத்துப் பழைய சீட்டை நீக்குவதும் இதனால்தான். சீட்டு விழுவது நம் கையில் இல்லை. எந்தக் கட்டிலிருந்து விழ வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த விளையாட்டின் ஈர்ப்பே அங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்துச் சீட்டுக் கட்டில் முதல் ஐந்தில் பேஷ் வரவில்லையா? அடுத்த ஐந்தில் கட்டாயம் வரும். எடுத்த சீட்டு, மீண்டும் கலைக்கும் வரை கட்டுக்குத் திரும்பாது அல்லவா? “இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வரும்” என்று இங்கே சொன்னால் அது சரி. கட்டுக்கு நினைவு உண்டு.

நாணயத்துக்கு அந்த நினைவு கிடையாது. ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்தாலும் ஆறாவது முறை பூ விழ வாய்ப்பு அதே பாதிதான். “இந்த எண் வந்து ரொம்ப நாளாயிற்று, இந்த வாரம் விழும்” என்று நாலு நம்பர் எடுக்கும் மாமாக்களைப் பார்த்திருப்பீர்கள். குலுக்கலில் ஒவ்வொரு முறையும் எல்லா எண்களும் புதிதாகச் சேர்கின்றன. போன வாரம் அங்கே பதிவாகியிருக்காது. சீட்டுக்கட்டுக்குப் பொருந்தும் கணக்கை அங்கே கொண்டுபோய்ப் பணத்தை இழப்பவர்கள் நிறையப் பேர்.

நம்பாவிட்டால் வீட்டில் சோதித்துப் பாருங்கள். பத்துச் சீட்டுகளை எடுத்து, ஒன்றில் பென்சிலால் குறியிடுங்கள். நன்றாகக் கலைத்து மேலிருந்து ஐந்தை எடுத்து, குறியிட்டது வந்ததா என்று எழுதுங்கள். ஐம்பது முறை செய்த பிறகு, இன்னும் பத்துச் சீட்டுகளைச் சேர்த்து மீண்டும் ஐம்பது முறை. முதல் எண்ணிக்கை 25-ஐ ஒட்டியும் இரண்டாவது 12, 13-ஐ ஒட்டியும் வர வேண்டும். இரண்டு மூன்று கூடலாம், குறையலாம். துல்லியமாக 25 என்று வகுப்பில் எல்லாரும் எழுதிக் கொண்டுவந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது சீட்டை அல்ல.