தாத்தா பிறந்த ஊர் எது?
இத்தாலியில் பழைய ரிஜிஸ்தர்களைப் புரட்டும் பேரன்கள்

தாத்தாவின் பெயர் தெரியும். அவர் கப்பல் ஏறிய துறைமுகம் தெரியும். பிறந்த ஊர் மட்டும் தெரியாது. அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் அமெரிக்காவிலும் வாழும் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்கள் பலவற்றின் நிலைமை இதுதான்.

1876-ம் ஆண்டு முதல் 1915-ம் ஆண்டு வரை, நாற்பது ஆண்டுகளில், சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் பிழைப்புத் தேடி இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். கூலி விவசாயிகளே அதிகம். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன இடத்தில் ஜூஸெப்பே என்ற பெயர் ஒரு நாட்டில் ஹோசே ஆயிற்று; இன்னொரு நாட்டில் ஜோசப் ஆயிற்று. பிள்ளைகள் அந்தந்த நாட்டு மொழியில் படித்து வளர்ந்தார்கள். பேரப் பிள்ளைகளின் காலத்தில் ஊர்ப் பெயரே மறந்து போயிற்று.

அந்தப் பேரன் பேத்திகள் இப்போது இத்தாலியின் ஊர் ஆபீசுகளுக்கும் மாதா கோவில்களுக்கும் கடிதம் எழுதுகிறார்கள். கையில் பழைய போட்டோவோடு நேரிலும் வந்து நிற்கிறார்கள். சிலருக்கு வேர் தேடும் ஆசை மட்டுமே. பலருக்கு அதோடு ஒரு காரியமும் உண்டு. அதுதான் குடியுரிமை.

இத்தாலியில் குடியுரிமை ரத்த வழியாக வருவது. 1861-ல் இத்தாலி ஒரே நாடானது. அதற்குப் பிறகும் உயிரோடிருந்த ஓர் இத்தாலியரின் வழியில் வந்தவர் என்று சான்றிதழ்களோடு நிரூபித்தால் போதும். நடுவில் யாரும் அந்த உரிமையை விட்டுவிடாமல் இருந்தால், எத்தனை தலைமுறை ஆனாலும் பாஸ்போர்ட் கேட்கலாம் என்று நெடுங்காலம் இருந்தது. பெண் வழியில் மட்டும் ஒரு தடை. 1948 ஜனவரி 1-க்கு முன் பிறந்த குழந்தைக்குத் தாய் தன் குடியுரிமையைக் கொடுக்க முடியாது என்றார்கள். அப்படிப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

2025 மார்ச் 28-ந் தேதி அரசாங்கம் ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. மே மாதம் பார்லிமெண்டும் அதை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமை உள்ளவர்களுக்குப் பொது விதி இனி தாத்தா பாட்டியோடு சரி. அந்தத் தாத்தாவோ பாட்டியோ, அப்பாவோ அம்மாவோ இத்தாலியக் குடியுரிமை மட்டுமே உடையவராக இருந்திருக்க வேண்டும். மார்ச் 27 நள்ளிரவுக்குள் மனுக் கொடுத்தவர்களுக்குப் பழைய விதி. கொள்ளுத் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகள் அலைந்து, அது கைக்கு வந்து சேர்வதற்குள் கதவு மூடிவிட்டது என்றால் அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நாட்டின் வாசலை எவ்வளவு அகலமாகத் திறப்பது என்பது அந்த நாட்டின் உரிமை, மறுக்க முடியாது. ஆனால் ஒரே இரவில் மாற்றியதைத்தான் ஏற்க மனம் வரவில்லை.

பாஸ்போர்ட் கிடைக்கிறதோ இல்லையோ, ரிஜிஸ்தர்கள் இருக்கின்றன. அவற்றில் தேடுவது எப்படி என்பது தனிக் கதை.

ஊர் தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது

இத்தாலி முழுவதற்கும் ஒரே பழைய பேரேடு கிடையாது. பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் "கொமூனே" எனப்படும் ஊராட்சி ஆபீசில் பதிவாகின்றன. அப்படி சுமார் 7,900 ஊராட்சிகள் உண்டு. எது நம் தாத்தாவின் ஊராட்சி என்று தெரியாமல் தொடங்கவே முடியாது.

வீட்டில் கேட்டால் "நாப்போலி" என்பார்கள். நாப்போலி நகரமாக இருக்காது. அந்தப் பக்கத்து மலைக் கிராமமாக இருக்கும். தாராவியில் ஒருவரை "எந்த ஊர்?" என்று கேட்டால் "திருநெல்வேலி" என்பார். விசாரித்துப் பார்த்தால் நாங்குநேரிக்கும் அப்பால் பஸ் போகாத ஊராக இருக்கும். அதே கதைதான். இன்னும் சிலர் "ஜெனோவா" என்பார்கள். அது அவர் கப்பல் ஏறிய துறைமுகம்!

ஊர்ப் பெயரே மாறிப் போயிருந்தால் இன்னொரு சங்கடம். சிசிலித் தீவில் ஜிர்ஜெந்தி என்ற ஊரை இன்றைய படத்தில் தேடினால் கிடைக்காது. 1927-ல் அது அக்ரிஜெந்தோ ஆகிவிட்டது. அதே ஆண்டில் காஸ்த்ரோஜொவான்னி என்பது என்னா ஆயிற்று. தெர்ரனோவா என்பது ஜேலா ஆயிற்று. போரி பந்தர் எது, வி.டி. எது, சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் எது என்று புதிதாக வந்தவர் விழிப்பதைப் பம்பாய்வாசிகள் பார்த்திருக்கிறார்கள்.

ஊரைக் கண்டுபிடிக்கக் குடியேறிய நாட்டுக் காகிதங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கா போன கப்பல்களின் பயணிகள் பட்டியலில், 1907 முதல், சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் விலாசமும் கேட்டு எழுதினார்கள். அந்த ஒரு வரியில் ஊர் அகப்படும். போன நாட்டு மாதா கோவிலில் கல்யாணம் நடந்திருந்தால், மாப்பிள்ளை எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று சாமியார் குறித்திருப்பார்.

2025 ஏப்ரல் 21-ந் தேதி காலமான போப்பாண்டவர் பிரான்சிஸ் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். அவர் 1936-ல் அர்ஜென்டினாவில் பிறந்தவர். அப்பா மாரியோ பிறந்தது 1908-ல், தூரின் நகரத்தில். ஆனால் குடும்பத்தின் பூர்வீகம் தூரின் அல்ல. ஆஸ்தி நகருக்குப் பக்கத்தில் உள்ள போர்த்தகொமாரோ என்ற சிற்றூர். மகனின் பதிவு ஓர் ஊரில், முன்னோர் பதிவு வேறு ஊரில். 1927-ல் அவர்கள் "பிரின்சிபெஸ்ஸா மாபல்தா" என்ற கப்பலுக்கு டிக்கெட் வாங்கியிருந்தார்கள். சொத்தை விற்பதில் தாமதம் ஏற்பட்டதால் போகவில்லை. அந்தக் கப்பல் அக்டோபர் மாதம் பிரேசில் கரைக்கு அருகே மூழ்கி 300 பேருக்கு மேல் இறந்தார்கள். 1929-ல்தான் குடும்பம் புவெனோஸ் ஐரிஸ் போய்ச் சேர்ந்தது. போப்பான பிறகு, 2022 நவம்பரில், ஒரு சொந்தக்காரரின் 90-வது பிறந்த நாளுக்காக அவர் ஆஸ்திப் பக்கம் வந்து போனார்.

குமாஸ்தாவின் கையெழுத்து

ஊராட்சிப் பதிவு முறையைக் கொண்டு வந்தது நெப்போலியன் ஆட்சி. தெற்கே நாப்போலி ராஜ்யத்தில் 1809-ல் தொடங்கியது. நெப்போலியன் வீழ்ந்த பிறகும் அங்கே அதை விடவில்லை. சிசிலியில் 1820-ல் வந்தது. வடக்கே பல இடங்களில் 1815-க்குப் பிறகு நின்று போய், நாடு ஒன்றான பின் 1866 ஜனவரி 1 முதல் எங்கும் ஒரே முறை ஆயிற்று. வெனிஸ் பகுதியிலும் ரோமிலும் 1871 முதல்.

ஒவ்வொரு ரிஜிஸ்தரும் இரண்டு பிரதி. ஒன்று ஊர் ஆபீசில் இருக்கும். மற்றொன்று மாவட்ட கோர்ட்டுக்குப் போகும். நெருப்போ பூகம்பமோ ஒன்றைத் தின்றாலும் மற்றது மிஞ்சும். கோர்ட்டுப் பிரதிகள் பின்னர் அரசு ஆவணக் காப்பகங்களுக்கு வந்தன. அவற்றில் ஏராளமானவற்றைப் படம் எடுத்து, "ஆந்தெனாத்தி", அதாவது முன்னோர், என்ற பெயரில் 2011 முதல் கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். சான்றிதழாக வேண்டும் என்றால் ஊராட்சிக்குத்தான் எழுத வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட, பிறருடைய பதிவாக இருந்தால் ஒன்றுக்கு 300 யூரோ வரை கட்டணம் வாங்க 2025 முதல் ஊராட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. ஏழை வீட்டுப் பேரனுக்கு இது பெரிய தொகை.

பிறப்புப் பதிவில் என்னதான் இருக்கும்? அப்பா மேயர் முன் வந்து நின்று சொன்னது அப்படியே இருக்கும். அவர் வயது, தொழில், குடியிருக்கும் தெரு, மனைவியின் பெயர், இரண்டு சாட்சிகள். கடைசியில் "எழுதத் தெரியாது என்று சொன்னதால் கையெழுத்து இல்லை" என்று குமாஸ்தா முடித்திருப்பார். தன் பெயரையே எழுதத் தெரியாத ஒரு கூலிக்காரன் பேசிய நாலு வாக்கியம் 200 ஆண்டு நிற்கிறது. மேயரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. குமாஸ்தாவின் கையெழுத்து தெளிவாக இருந்ததா என்பதுதான் இன்று கேள்வி.

இத்தாலியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பதிவில் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் இருப்பார்கள். இதனால் பாட்டி வழியும் அறுந்து போவதில்லை. இன்னொரு சின்னச் சொல்லைக் கவனிக்க வேண்டும். "பியேத்ரோ தி ஜூஸெப்பே" என்றால் ஜூஸெப்பேயின் மகன் பியேத்ரோ. அப்பா உயிரோடு இருக்கிறார். "பியேத்ரோ ஃபூ ஜூஸெப்பே" என்றால் அப்பா காலமாகிவிட்டார். ஒரு பதிவில் "தி" என்றும் அடுத்த பதிவில் "ஃபூ" என்றும் இருந்தால், நடுவில் உள்ள ஆண்டுகளில் இறப்பு ரிஜிஸ்தரைப் புரட்டினால் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய புதையல் கல்யாணக் கட்டு. நெப்போலியன் சட்டப்படி கல்யாணத்துக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா இல்லை என்றால் அவர் இறந்த சான்று வேண்டும். தாத்தாவின் சம்மதம் வேண்டும். தாத்தாவும் இல்லை என்றால் அவர் இறந்ததற்கும் சான்று. மணமக்களின் பிறப்புச் சான்றும் சேரும். ஒரே கட்டில் மூன்று தலைமுறை அகப்படும். 1820-ல் நடந்த ஒரு கல்யாணக் கட்டிலிருந்து 1740-ல் பிறந்த தாத்தா வரை போய்விடலாம்.

ஆண்பிள்ளையாக இருந்தால் ராணுவ ஆள் சேர்ப்பு ரிஜிஸ்தரும் உண்டு. ஊரில் ஒரே ஆண்டில் பிறந்த பையன்கள் அத்தனை பேரும் அதில் வருவார்கள். உயரம், மார்பளவு, தலைமயிரின் நிறம், கண்ணின் நிறம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பது வரை இருக்கும். போட்டோ கூட இல்லாத தாத்தா எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று பேரனுக்குத் தெரிந்துவிடும்.

கோவில் புத்தகங்கள்

நெப்போலியனுக்கு முன்னால் போக வேண்டும் என்றால் மாதா கோவிலைத் தவிர வேறு வழியில்லை. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பிறந்தது 1680-ல், வட இத்தாலியில் காஸ்தில்யோனே தெல்லெ ஸ்திவியேரே என்ற ஊரில். அவர் காலத்துக் குடும்பம் ஒன்றைத் தேடுகிறவர் கோவில் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும்.

1563-ல் திரெந்து நகரத் திருச்சபைச் சங்கம், பங்குச் சாமியார்கள் கல்யாணப் புத்தகம் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 1614-ல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கல்யாணம், இறப்பு இவற்றோடு ஐந்தாவதாக "ஆன்மாக்களின் நிலவரம்" என்ற புத்தகமும் வந்தது. சாமியார் வீடு வீடாகப் போய், யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, ஈஸ்டருக்கு நற்கருணை வாங்கினார்களா என்று எழுதிக்கொள்வார். கிட்டத்தட்ட நம் ரேஷன் கார்டு மாதிரி. பாட்டி, விதவை அத்தை, வேலைக்காரப் பையன் எல்லாரும் ஒரே அடுப்பின் கீழ் வருவார்கள்.

பிளாரன்ஸ் நகரம் இதற்கெல்லாம் முந்தியது. நகரத்துக் குழந்தைகள் எல்லாம் ஒரே ஞானஸ்நானக் கோவிலுக்கு வந்ததால், 1450 முதல் அங்கே ரிஜிஸ்தர் உண்டு. அதற்கும் முன்னால் சாமியார் ஆண் குழந்தைக்கு ஒரு கறுப்பு அவரை, பெண் குழந்தைக்கு ஒரு வெள்ளை அவரை என்று போட்டு வைத்து ஆண்டு முடிவில் எண்ணுவாராம். 14-ம் நூற்றாண்டில் வில்லானி என்ற வரலாற்றாசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கோவில் புத்தகங்கள் பெரும்பாலும் லத்தீன். தேதியில் வழுக்கி விழுவோர் அதிகம். "7ப்ரே" என்று இருந்தால் ஏழாவது மாதம் ஜூலை என்று நினைத்துவிடக் கூடாது. செத்தெம்ப்ரே, அதாவது செப்டம்பர். "8ப்ரே" அக்டோபர். பிளாரன்சில் 1749 வரை புத்தாண்டே மார்ச் 25-ந் தேதிதான். அங்கே 1700 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்குக்கு அது 1701.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இன்னும் நல்லது, தேடுகிறவருக்குச் சொல்கிறேன். நம் பக்கம் மாமன் மகளைக் கட்டுவது உரிமை. அங்கே நான்காம் படி உறவு வரை திருச்சபையின் விசேஷ அனுமதி வேண்டியிருந்தது. அந்த மனுவில், இருவருக்கும் பொதுவான பாட்டனிலிருந்து கிளை கிளையாக வம்ச மரம் போட்டுக் காட்ட வேண்டும். பேரன் செய்ய வேண்டிய வேலையைச் சாமியார் அன்றே செய்து முடித்திருப்பார்.

பெயர் வைக்கும் வழக்கமும் கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர். இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று என்று நாம் சொல்வதில்லையா? ஆனால் நான்கு அண்ணன் தம்பிகளும் மூத்த மகனுக்கு ஒரே தாத்தா பெயரை வைத்தால், ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர். அம்மா பெயரைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

சுவரில் ஒரு சக்கரம்

சில தேடல்கள் திடீரென்று நின்றுவிடும். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இராது. பிறந்தவரின் குடும்பப் பெயர் எஸ்போசிதோ என்று இருக்கும். வெளியில் விடப்பட்ட குழந்தை என்பது அதன் பொருள்.

நாப்போலியில் அனுன்சியாத்தா ஆஸ்பத்திரியின் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. வளர்க்க வழியில்லாதவர்கள் இரவில் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிட்டுப் போவார்கள். உள்ளே இருக்கும் பெண் எடுத்துக்கொள்வாள். வைத்தவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எத்தனை மணிக்கு வந்தது, என்ன துணி சுற்றியிருந்தது என்று எழுதுவார்கள். ஆபீசரே பெயரும் வைப்பார். பிளாரன்சில் இன்னொசெந்தி ஆஸ்பத்திரி 1445-ல் திறந்தது. முதல் குழந்தை பிப்ரவரி 5-ந் தேதி, புனித ஆகத்தாள் திருநாளில் வந்ததால் ஆகத்தா என்று பெயரிட்டார்கள். அங்கே வளர்ந்தவர்களுக்கு இன்னொசெந்தி என்றே குடும்பப் பெயர் வந்தது. நாப்போலிச் சக்கரமும் பிளாரன்ஸ் ஜன்னலும் 1875-ல் மூடப்பட்டன.

எஸ்போசிதோ இன்று நாப்போலியில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர்.

என்றாவது திரும்பி வந்து மீட்கலாம் என்று நினைத்த தாய்மார்கள், குழந்தையின் துணியில் ஓர் அடையாளம் வைத்து அனுப்பினார்கள். பாதியாக வெட்டிய நாணயம், பாதி மெடல், அறுத்த ஜெபமாலைத் துண்டு. மறுபாதியைத் தாய் வைத்துக்கொள்வாள். திரும்ப வந்தவர்கள் கொஞ்சம்தான். வராதவர்களின் பாதி மெடல்கள் பிளாரன்சில் அதே கட்டடத்து மியூசியத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகளில், குழந்தையின் பெயர் ஒட்டி, இன்றும் வைக்கப்பட்டிருக்கின்றன.