கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்: மண்டபத்தில் ஒலி-ஒளி அமைப்பைப் பொருத்தும் முன்...

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், வேலையும் வீடும் பறிபோய்விடுமோ என்று தொழிலாளர்கள் அஞ்சினார்கள். அப்போது துன் வீ.தி.சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று பேசினார். மாதம் 10 வெள்ளி வீதம் 100 வெள்ளிப் பங்கு சேர்த்து, 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இன்று கோலாலம்பூரில் அச்சங்கத்தின் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடமும், அதிலுள்ள தான்ஸ்ரீ சோமா அரங்கமும் நம் சமூகத்தின் கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் பழகிய இடங்கள்.

கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். ஆனால், வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுவது காதில் விழாமல், மற்றவர் கை தூக்குவதைப் பார்த்துத் தானும் கை தூக்கினால் அந்த வாக்குக்கு என்ன பொருள்? கூட்டுறவு, ஆலய நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், சிறு வணிகர் கூட்டம் என எதுவாக இருந்தாலும், ஒலி-ஒளி அமைப்பு ஆடம்பரமல்ல. உறுப்பினரின் உரிமையோடு சம்பந்தப்பட்டது.

சாதனத்துக்கு முன் மண்டபத்தைப் பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டார மண்டபங்கள் பலவற்றில் தரையில் ஓடு, சுற்றிலும் வெறும் சுவர், மேலே காற்றாடிகள். இப்படிப்பட்ட இடத்தில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி எதிரொலிக்கும். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் விழும். சத்தம் காதைப் பிளக்கும். சொல் மட்டும் புரியாது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இது புதிய சிக்கலல்ல. 1895ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்காததால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் வந்தது. அவர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மென்மையான பொருள் ஒலியை உறிஞ்சும் என்பதே அதன் சாரம். தடித்த திரைச்சீலை, பின்சுவரில் ஒலி உறிஞ்சும் பலகை, மெத்தை வைத்த நாற்காலி ஆகியவை புதிய ஒலிபெருக்கியைவிடச் சில வேளைகளில் அதிகப் பலன் தரும்.

கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி நெடுநேரம் நீடித்தால் முதலில் சுவரைக் கவனிக்க வேண்டும்.

மைக்கும் ஒலிபெருக்கியும்

மைக்கிலிருந்து வாய் விலகும் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட மிக்ஸரில் அளவைக் கூட்டும்போதுதான் ‘கீ’ என்ற ஊளைச் சத்தம் எழுகிறது. பேச்சாளர் மைக்கை வாயருகே பிடிக்க வேண்டும். ஒலிபெருக்கிகள் மைக்குக்கு முன்னால், கூட்டத்தை நோக்கி இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கவனித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

நீளமான மண்டபத்தில் மேடையருகே இரண்டு பெரிய பெட்டிகளை மட்டும் வைத்தால் முன்வரிசை காதைப் பொத்தும். பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்காது. நடுவில் கூடுதலாகச் சிறிய ஒலிபெருக்கிகளைப் பொருத்துவது நல்லது. ஆனால், ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடை ஒலி 17 மீட்டர் கடக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அருகிலுள்ள பெட்டியோ உடனே பேசிவிடும். இரண்டும் மோதாமலிருக்க, நடுப்பெட்டியின் ஒலியை மீட்டருக்குச் சுமார் 3 மில்லிநொடி வீதம் தாமதப்படுத்த வேண்டும். இதைச் செய்துதரத் தெரியுமா என்று பொருத்துநரிடம் கேளுங்கள்.

பழைய கம்பியில்லா மைக் வைத்திருப்போர் அதன் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். 2019 அக்டோபரோடு மலேசியாவில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு முடிந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி இப்போது கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியில் இயங்கும் பழைய மைக்கில் இடையூறு வரலாம். புதிதாக வாங்கும்போது தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எதற்கும் ஒரு கம்பி மைக் கையிருப்பில் இருக்கட்டும்.

திரை எவ்வளவு பெரிது?

கணக்கு அட்டவணையைப் படிக்க வேண்டுமானால், கடைசி இருக்கை திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்குத் தூரத்துக்குள் இருப்பது நல்லது. திரை 2 மீட்டர் உயரமென்றால் 12 மீட்டர். அதற்கப்பால் இருப்போருக்குப் பக்கத்தில் இன்னொரு திரை வேண்டும்.

பகல் வெளிச்சம் புகும் மண்டபத்தில் குறைந்த ஒளியுள்ள புரொஜெக்டர் வெளிறிப்போகும். எல்இடி சுவர் வாங்குவோர் புள்ளி இடைவெளியைக் கேட்க வேண்டும்: இடைவெளி எத்தனை மில்லிமீட்டரோ, பார்ப்பவர் குறைந்தது அத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சாதாரண எச்டிஎம்ஐ கம்பி நீளம் கூடினால் படம் விட்டுவிட்டு வரும். தூரம் அதிகமென்றால், 100 மீட்டர் வரை தாங்கும் எச்டிபேஸ்டி முறையில் கேட்-6 கம்பி இழுக்கலாம்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம்

நம் நாட்டு 13 ஆம்பியர் சாக்கெட் ஒன்று 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 3,000 வாட். ஒரே சாக்கெட்டில் நீட்டிப்புக் கம்பி போட்டு ஒலிபெருக்கி, விளக்கு, தேநீர்க் கொதிகலன் எல்லாவற்றையும் செருகுவது ஆபத்து. நிரந்தர மின்னிணைப்பு வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்பணியாளரிடமே கொடுக்க வேண்டும்.

இணையத்தில் சேர்வோருக்கும் வாக்குண்டு

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு, மண்டபத்தில் பாதிப்பேர், இணையத்தில் பாதிப்பேர் என்று கூட்டம் நடத்துவது பழகிவிட்டது. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 327ஆவது பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொழில்நுட்பம் வழி கூட்டம் நடத்த அனுமதிக்கிறது. ஆனால், உறுப்பினர் பேசவும் வாக்களிக்கவும் வழி இருக்க வேண்டும். முதன்மை இடம் மலேசியாவில் இருக்க வேண்டும். தலைவர் அங்கேயே இருக்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2025 மார்ச் 1 முதல் இணையத்தில் மட்டும் பொதுக்கூட்டம் நடத்த முடியாது. சங்கங்களும் கூட்டுறவுகளும் தத்தம் சட்டவிதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொழில்நுட்ப ரீதியில் இதன் பொருள் எளிது. மடிக்கணினியின் சொந்த மைக்கை நம்பாமல், மிக்ஸரிலிருந்து ஒலியை நேரே கணினிக்குக் கொடுக்க வேண்டும். இணையத்தில் பேசுபவரின் குரல் மண்டபத்தில் கேட்க வேண்டும். ஆனால் அவருக்கே திரும்பிப் போகக்கூடாது. போனால் தன் குரலே எதிரொலித்து அவரால் பேச முடியாது. இணைய இணைப்பு வைஃபையில் அல்லாமல் கம்பி வழி இருந்தால் நம்பகமானது.

பணம் கொடுக்கும் முன் சோதனை

ஆண்டுக்கு ஓரிரு நிகழ்ச்சி என்றால் வாடகையே போதும். நிரந்தரமாகப் பொருத்துவதென்றால் குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்கி, மண்டபத்தை நேரில் வந்து பார்த்தவர்களின் விலையை மட்டும் ஒப்பிடுங்கள். கம்பி வரைபடம், உத்தரவாதம், இருவருக்குப் பயிற்சி ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். பணம் போதாதென்றால் மைக், ஒலிபெருக்கி, மின்னிணைப்பு முதலில். பெரிய திரை பிறகு.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். காற்றாடிகளைச் சுழலவிட்டு, ஒருவரை மேடையில் சென்ற ஆண்டின் கணக்கறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, கேட்ட தொகைகளை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிய தொகைகள் அறிக்கையோடு ஒத்துப்போனால் கையொப்பமிடலாம்.