சொருகியதும் உள்ளே என்ன நடக்கிறது?



பென்டிரைவைச் சொருகுகிறோம், ரெண்டு விநாடியில் திரையில் வந்துவிடுகிறது. அதற்குள் கம்ப்யூட்டர் உள்ளே என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். "கெர்னல்" என்றாலே அதெல்லாம் நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுவேன். அம்மா சீட்டுப் பணத்தில் பிராஜெக்ட்டுக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கிக் கொடுத்தார். சொருகினால் விளக்கு எரிந்தது, ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "போர்டு போச்சுடா" என்றார்கள் நண்பர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

லேபில் இருந்தது லினக்ஸ். 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்ததில் எனக்கு விளங்கியது இதுதான்.

யுஎஸ்பி முதலில் வந்தது 1996-ல். சாதாரண யுஎஸ்பி கேபிளில் நாலு கம்பி: 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டாவுக்கு இரண்டு. கருவியைச் சொருகியதும் டேட்டா கம்பிகளில் ஒன்றில் மின்னழுத்தம் உயரும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று கெர்னலுக்குத் தெரிவது இப்படித்தான்.

புதிதாக வந்த கருவிக்கு முகவரி 0. கெர்னல் அதற்கு 1 முதல் 127-க்குள் ஒரு எண் கொடுத்து, "நீ யார்?" என்று கேட்கும். கருவி 18 பைட்டில் பதில் சொல்லும். தயாரித்தவர் எண், பொருளின் எண் இரண்டும் அதில் இருக்கும். என்ன வகை என்பதற்கும் எண் உண்டு: கீபோர்டு, மவுஸுக்கு 3, பென்டிரைவுக்கு 8.

டிரைவர் வருவது இங்கேதான். ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களை அட்டவணையாகக் கொடுத்து வைத்திருக்கும். ரிசல்ட் பலகையில் நம் பதிவு எண்ணைத் தேடுவோமே, அதுபோலக் கெர்னல் தேடும். எண் பொருந்தினால் அந்த டிரைவரின் 'புரோப்' ஃபங்ஷனை அழைக்கும். அது 0 என்று பதில் தந்தால், "இதை நான் பார்த்துக்கிறேன்" என்று அர்த்தம். கருவியைப் பிடுங்கினால் 'டிஸ்கனெக்ட்' ஃபங்ஷன்.

இன்னொரு வேடிக்கை. மவுஸ் வேலை செய்யும் முறைக்கு 'இன்டரப்ட்' என்று பெயர். மவுஸ்தான் குறுக்கே பேசுகிறது என்று நினைத்தேன். அப்படி இல்லை! கம்ப்யூட்டர்தான் சில மில்லி விநாடிக்கு ஒரு தரம் "ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சரி, என் போர்டு? டெர்மினலில் டி-எம்-இ-எஸ்-ஜி என்று அடித்தால் கெர்னல் எழுதிய குறிப்புகள் வரும். டிரைவர் இல்லாத கருவியானாலும் 'புதிய கருவி' என்று எண்ணோடு ஒரு வரி வரவேண்டும். எனக்கு அதுகூட வரவில்லை. அப்படியென்றால் கெர்னலின் கேள்வியே போர்டுக்குப் போய்ச் சேரவில்லை! கேபிள் மேல் சந்தேகம் வந்தது. அது சார்ஜ் போட மட்டுமே ஆன கேபிள், டேட்டா கம்பியே கிடையாது. விளக்கு மட்டும் எரிந்ததன் ரகசியம் அதுதான். வேறு கேபிள் போட்டேன், வரிகள் வந்தன. சிஎச்340 சிப்புக்கான சிஎச்341 டிரைவர் தானாகவே பிடித்துக்கொண்டது. போர்டு நன்றாகத்தான் இருந்தது.

நண்பர்களே! அடுத்த முறை ஏதாவது வேலை செய்யாவிட்டால் தூக்கிப் போடும் முன் அந்தக் குறிப்புகளை ஒருமுறை படியுங்கள். கேள்வி எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். நமக்கில்லை என்று மட்டும் ஒதுங்காதீர்கள். கெர்னலும் நம்மைப் போன்ற ஒரு மாணவர் எழுதத் தொடங்கியதுதானே!

— மூன்றாமாண்டு மாணவன், கணினித் துறை